தரையைத் தொட்ட தூளி

தூளியை ஆட்டிவிட்டு அடுப்படிக்குத் திரும்பும்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சர்... சர்... என்று யாரோ துடைப்பத்தால் நிதானமாகப் பெருக்குவது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். சேலைத் தூளியின் அடிப்பக்கம் சிமெண்டுத் தரையை உரசிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தது. உள்ளே என் நாத்தனார் ஈஸ்வரியின் மகள். பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வசம்பும் பாலும் கலந்த வாசனையோடு, வாயைக் கோணிக்கொண்டு தூங்கினாள்.

அந்தத் தூளியைக் கட்டியவள் நான். குழந்தை தவறி உருண்டாலும் அடிபடக் கூடாது என்று, தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் கட்டியிருந்தேன். இப்போது அந்த இரண்டு விரலைக் காணவில்லை.

சேலை நெகிழ்ந்திருக்கும், இழுத்துக் கட்டுங்கள் மதினி என்று ஈஸ்வரி படுத்தபடியே சொன்னாள். இழுத்துக் கட்டினேன். ஒரு விரல் இடைவெளி கிடைத்தது. மறுநாள் காலையில் குழந்தையைப் போட்டு ஆட்டினேன். சர்... சர்...

கிழக்கேயிருந்து வந்த காற்று

ஓடைப்பட்டியில் எங்கள் திராட்சைத் தோட்டம் ஒரே சாயங்காலத்தில் படுத்துவிட்டதைப் போன வாரம் இந்தத் தொடரில் சொன்னேன். இது நடந்ததும் அதே புயலுக்குப் பிறகுதான். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி.

எங்கள் பள்ளத்தாக்குக்குக் காற்று புதிதல்ல. ஆனி, ஆடியில் மேற்கே குமுளி மலையிலிருந்து இறங்கி வருகிற காற்றுக்கு வாசலில் கோலப்பொடி நிற்காது. ஈரத்துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்து அடுத்த தெருவில் கிடக்கும். அந்த மேகாற்றுக்கு ஊரே பழகியிருந்தது. வீடுகளும் பழகியிருந்தன.

இது கிழக்கேயிருந்து வந்தது. மொத்தம் அரை மணி நேரம்கூட இருக்காது. காற்று அடங்கியபோது தோட்டத்தில் பந்தல் தரையோடு கிடந்தது. வீட்டின் முன்பக்கச் சரிவில் ஆறேழு ஓடுகள் பறந்திருந்தன. மறுநாள் காலையிலேயே என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறிப் புது ஓடுகளைச் செருகினார். கீழே தெருவில் நின்று என் மாமனார் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தார். ஒரு கோணல் இல்லை, ஓட்டை இல்லை. வீடு தப்பியது என்று சொல்லிவிட்டு இருவரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் பார்த்தது முன்பக்கத்தை. பின்பக்கச் சரிவுக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்துதான். அங்கே நின்று அண்ணாந்தால் ஓட்டின் விளிம்பு மட்டும் தெரியும். அதற்கு மேல் என்ன நடந்திருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. புயலுக்குப் பிறகு நான்கைந்து நாள் நசநசவென்று தூறல் விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதனால் நானும் நினைக்கவில்லை.

துணிக்கடைக்காரர் மகள்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போடி பஜாரில் அவருக்குத் துணிக்கடை. எனக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே துணி அளக்கிற கஜக்கோல் தெரியும். எந்தச் சேலை நனைந்தால் சுருங்கும், எது தொங்கப்போட்டால் இழுபடும், எது எத்தனை வருஷம் கட்டினாலும் அப்படியே இருக்கும் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் சாப்பாட்டுப் பேச்சு. கடையை என் அண்ணன் வேலுச்சாமி எடுத்து நடத்துவான் என்று அப்பா நம்பினார். அவனுக்குத் துணியைத் தொட்டாலே தும்மல் வரும். கூடலூருக்குப் போய் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் கூடலூருக்குமாக அலைந்தான். அப்பா கடைசிவரை அவனை மன்னிக்கவில்லை. நான் மட்டும் அப்பாவுக்கு நல்ல மாணவி.

அந்தத் தூளிச் சேலை என்னுடையதுதான். பத்து வருஷம் கட்டித் துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலை. அது இழுபட வேண்டிய அளவுக்கு எப்போதோ இழுபட்டுவிட்டது. இனி ஒரே ராத்திரியில் ஒரு விரல் நீளுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

சேலை நீளவில்லை என்றால், அதைக் கட்டியிருக்கிற மரம் இறங்குகிறது.

தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தேன். கூடத்தின் குறுக்கே சுவருக்குச் சுவர் போகிற பெரிய மரம் அது. கூரையின் பாரம் முழுக்க அதன் மேல்தான். தூளி தொங்கியது அதன் மேற்கு முனைக்குப் பக்கத்தில். அந்த முனை பின்பக்கச் சுவருக்குள் நுழைகிற இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு பரண் இருந்தது. அண்டாக்கள், குத்துவிளக்குகள், கோணிப் பைகள் என்று அதன் மேல் வைக்காத சாமான் இல்லை. புகை படிந்த அந்த மூலையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மாமாவின் மரம்

மத்தியானம் சாப்பிட வந்த மாமனாரிடம் சொன்னேன். அவர் விட்டத்தை அண்ணாந்து பார்த்தார். கைத்தடியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். சுண்ணாம்புப் பூச்சு கணீரென்றது. கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்தார்.

அந்த மரத்தை அவர் சந்தேகப்படமாட்டார் என்பது எனக்குத் தெரியும். வீடு கட்டும்போது கூடலூர் மரக்கடையில் ஒரு வாரம் தங்கி, மரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுக்கினாராம். மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, வண்டியோடு ஓடைப்பட்டிவரை நடந்தே வந்தாராம். வழியில் உத்தமபாளையத்தில் ஒரு ராத்திரி தங்கியபோது, மரத்தை யாராவது மாற்றிவிடுவார்களோ என்று அதன் மேலேயே படுத்துத் தூங்கினார் என்பார்கள். என் மாமியார் நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்கு அடுத்து மாமா பெருமையாகப் பேசியது அந்த மரத்தைப் பற்றித்தான்.

மாமியார் இல்லாத வீடு என்பதால் ஈஸ்வரியின் பிரசவம் என் பொறுப்பு. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த குழந்தை. இரண்டு தடவை கலைந்துபோன பிறகு நின்ற குழந்தை. பத்திய மருந்து கிண்டுவது முதல் வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சுவது வரை, பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தேன். ஏதாவது ஆகிவிட்டால் ஊர் யாரைக் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். ஊர் கிடக்கட்டும், ஈஸ்வரியின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அன்று சாயங்காலம் தூளியை அவிழ்த்தேன். பாயைச் சுருட்டினேன். ஈஸ்வரியையும் குழந்தையையும் அடுப்படிக்கு மாற்றினேன். அடுப்படி பக்கவாட்டில் தனிக் கூரையில் சேர்த்துக் கட்டியது. புகை உண்டு, இடம் குறைவு. ஆனால் விட்டத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை.

தோட்டத்திலிருந்து திரும்பிய மாமா கூடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"பச்ச ஒடம்புக்காரியப் புகைக்குள்ள கொண்டுபோய்ப் போட்டிருக்க. இந்தக் கூடத்துலதான் அவளும் பெறந்தா, அவ அண்ணனும் பெறந்தான். ஒரு சேல இறங்குனதுக்கு என் வீட்டயே சந்தேகப்படுறியா?"

அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"என்னைய எவ்வளவு வேணாலும் திட்டுங்க மாமா. ஆனா பிள்ள இங்கன படுக்காது" என்றேன்.

என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் சேறோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தன் அப்பா பக்கமும் சேரவில்லை, என் பக்கமும் சேரவில்லை. விழுந்த பந்தலைத் தூக்கித் தூக்கி அவருக்குத் தோள்பட்டை இரண்டும் தோல் உரிந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார் போல இருந்தது.

கம்பியும் தீப்பெட்டியும்

மாமாவோடு பேசி ஜெயிக்க முடியாது. அளந்துதான் காட்ட முடியும். சேலை நெகிழும் என்று சொல்கிறவர்கள் கம்பி நெகிழும் என்று சொல்ல முடியாதல்லவா?

பந்தல் கட்டுகிற கம்பி வீட்டில் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒரு நீளம் வெட்டி, தூளி கட்டிய அதே இடத்தில் விட்டத்தில் சுற்றித் தொங்கவிட்டேன். கீழ் முனையில் தராசுப் படிக்கல்லைக் கட்டினேன். கல்லுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்துத் தள்ளினேன். தடையில்லாமல் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. மாமாவைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் இன்னொரு முறை தள்ளிக் காட்டினேன். அவர் துண்டை உதறிக்கொண்டு வாசல் அறைக்குப் படுக்கப் போனார்.

அதற்கு முன்பே இன்னொரு காரியமும் செய்திருந்தேன். சாயங்கால பஸ் கண்டக்டரிடம் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, எப்படியாவது கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் என் அண்ணனிடம் சேர்க்கச் சொன்னேன். ஜாக்கியோடு வா என்று மட்டும் எழுதியிருந்தேன். ஊரில் இருந்த கொத்தனார்கள் எல்லாரும் விழுந்த வீடுகளில் வேலையாக இருந்தார்கள். விழாத வீட்டுக்கு யாரும் வரத் தயாராக இல்லை.

விடிந்ததும் கூடத்துக்குப் போனேன். எனக்கு முன்பே மாமா அங்கே இருந்தார். தரையில் முட்டி போட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். போகவில்லை. திருப்பி வைத்துத் தள்ளினார். போகவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது பெட்டி நசுங்கிக் குச்சிகள் தரையில் சிதறின.

அவர் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"ஈஸ்வரிய அடுப்படியிலயும் வச்சிருக்க வேணாம் ஆத்தா. எதுத்த வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

சுவருக்குள்ளே

அண்ணன் எட்டு மணி பஸ்ஸுக்கு முன்பே ஜீப்பில் வந்துவிட்டான். பின் சீட்டில் லாரி ஜாக்கி ஒன்று, எங்கேயோ இரவல் வாங்கியது. கதையைக் கேட்டான். பேச்சை வளர்க்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்துக்குள் நுழைந்தான். என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் சந்தின் வாயில் நின்றேன்.

மேலே ஏறியவன் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு சொல்லிக்கொண்டே வந்தான். ஓடு எதுவும் உடையவில்லை, பறக்கவுமில்லை. காற்று உள்ளே புகுந்து அந்தச் சரிவின் கடைசி இரண்டு வரிசைகளைத் தூக்கிப் போட்டிருக்கிறது. நான்கு விரல் அகலத்துக்கு ஓடுகள் கீழே வழுக்கியிருக்கின்றன. அந்த இடைவெளி நேராகச் சுவரின் தலையில் இருக்கிறது. ஐந்து நாள் பெய்த தூறல் முழுக்க வீட்டுக்குள் விழாமல் சுவருக்குள் இறங்கியிருக்கிறது.

பழைய வீட்டுச் சுவர்கள் எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் கல்லும் மண்ணும்தான். இரண்டு பக்கமும் மேலே சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு கெட்டியாக இருந்தால் தட்டினால் கணீரென்றுதான் கேட்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

அண்ணன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுச் சுவரின் தலைக்குள் கையை விட்டான். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. வெளியே எடுத்தபோது கை முழுக்கக் களிமண் கூழ்.

"மாமாவ உள்ள விடாதீக. மரம் பூச்சு மேலதான் நிக்குது" என்றான் என் வீட்டுக்காரரிடம், மெதுவாக.

மாமா அதற்குள் கூடத்தில் இருந்தார்.

எதிர்த்த வீட்டு வாசலில் ஈஸ்வரி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா உள்ளே நிற்பது அவளுக்குத் தெரிந்தது. குழந்தையின் தலையை மட்டும் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு விரல், இன்னொரு விரல்

தோட்டத்தில் சாய்ந்து கிடந்த பந்தல் கால்களில் நல்ல பனங்கட்டை ஒன்றை ஜீப்பில் கட்டி இழுத்து வந்தார்கள். அளவு பார்த்து அறுத்தார்கள். துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்து வந்து விட்டத்துக்கு நேர் கீழே போட்டு, அதன் மேல் ஜாக்கியை வைத்து, ஜாக்கியின் மேல் கட்டையை நிறுத்தினார்கள். கட்டையை நேராகப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மாமா கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். மகன் எவ்வளவோ சொல்லியும் விடவில்லை. இது நான் கொண்டுவந்த மரம், நான்தான் பிடிப்பேன் என்றார்.

அண்ணன் ஜாக்கியின் கைப்பிடியை மெல்ல இறக்கி ஏற்றினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலேயிருந்து ஒரு முனகல் கேட்டது. அந்த மாதிரிச் சத்தத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. வயிற்றுக்குள் கேட்பது போல இருந்தது. சுவரில் பூச்சு ஒரு முழ நீளத்துக்கு வெடித்தது. வெடிப்பிலிருந்து ஈர மண் சலசலவென்று கொட்டியது. நனைந்த மண் வாசனையும் பழைய வௌவால் எச்சத்தின் நெடியும் கூடம் முழுக்கப் பரவின. மாமாவின் தலையெல்லாம் மண். அவர் கண்ணைக்கூடத் துடைக்கவில்லை.

"ஏறுதா?" என்று கேட்டார்.

வாசல்படியில் நின்ற நான் தொங்குகிற கம்பியைப் பார்த்தேன். படிக்கல் தரையை விட்டு இன்னும் கொஞ்சம் எழும்பியிருந்தது.

"ஏறுது மாமா."

ஒரு விரல் ஏறியது. இன்னொரு விரல். அண்ணன் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி கைப்பிடியை அழுத்தினான். விட்டம் பழைய மட்டத்துக்கு வந்தது என்று தெரிந்ததும், பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டைகளை முட்டுக் கொடுத்து இறுக்கினார்கள். அதன் பிறகுதான் மாமா கையை எடுத்தார். பனஞ்சிராய் குத்தி உள்ளங்கை முழுக்க ரத்தப் பொட்டுகள்.

பரணை இறக்கிப் பார்த்தபோது மரத்தின் முனை தெரிந்தது. அண்ணன் கத்தியால் குத்திப் பார்த்தான். கத்தி ஏறவில்லை. கரையான் இல்லை, உளுத்துப்போகவில்லை. ஈரத்தில் கறுத்திருந்தது, அவ்வளவுதான். மாமா பொறுக்கிய மரத்தில் பழுதில்லை. அது உட்கார்ந்திருந்த சுவர்தான் கரைந்துபோயிருந்தது. இதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அண்ணன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார்.

இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுநாள் வந்த கொத்தனார் சொன்னார். ஈரச்சுவரை இடித்துவிட்டு, மரத்தின் முனைக்கு அடியில் ஒரு முழுக் கருங்கல்லைக் கொடுத்துக் கட்டினார். இது ராத்திரியில் இறங்கியிருந்தால் மரமும் ஓடும் மொத்தமாக இந்த மூலையில்தான் விழுந்திருக்கும் என்று பாயின் சுவடு தெரிந்த இடத்தைக் காட்டினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கிணற்றடிக்குப் போய், தண்ணீர் இறைக்கிற சாக்கில் நன்றாக அழுதேன். அழுது முடித்தபோது பல நாள் சுமந்த மூட்டையை இறக்கியது போல உடம்பு லேசாக இருந்தது. பசியும் எடுத்தது. பழைய சோறு இருந்த சட்டியைத் தேடிப் போய் நின்றபடியே சாப்பிட்டேன்.

இன்னும் ஓர் அறை

கொத்தனார் போன பிறகு, வெயில் தாழும் நேரத்தில் மாமா என்னைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்தார். ஏணியைத் தானே இழுத்து வந்திருந்தார். வாசல் அறைக்குப் பக்கத்தில் நெல் போடுகிற சின்ன அறை ஒன்று உண்டு. அதன் கொல்லைப்பக்கச் சுவரில் ஏணியைச் சாய்த்தார். கால் வழுக்காதபடி அடியில் இரண்டு கல்லை முட்டுக் கொடுத்தார்.

"ஒன் புருசனும் ஒங்க அண்ணனும் தோட்டத்துக்குப் போய்ட்டாக" என்றார். "இந்தச் செவரு எப்பிடி இருக்குன்னு நீ ஒரு எட்டுப் பாத்துரு ஆத்தா. நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அந்த வீட்டு மருமகள் ஏணியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு, கட்டுப் போட்ட கைகளால் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் செய்தது போலவே கடைசி வரிசையில் இரண்டு ஓட்டை நகர்த்திவிட்டுச் சுவரின் தலைக்குள் கையை விட்டேன். பொடிக்கல் தட்டுப்பட்டது. ஒரு சிலந்திக்கூடு தட்டுப்பட்டது. விரலை இன்னும் உள்ளே அழுத்தினேன். மண் விட்டுக்கொடுக்கவில்லை.

கீழே அவர் ஏணியின் காலை இன்னும் இறுக்கிப் பிடிப்பது எனக்குத் தெரிந்தது.

ஒரு பிடி கிள்ளி எடுத்து வெளிச்சத்தில் விரித்தேன். வெயிலின் சூடு இன்னும் ஆறாத மண். உள்ளங்கையிலிருந்து பொலபொலவென்று உதிர்ந்து காற்றில் பறந்தது.

"காஞ்சு கெடக்கு மாமா" என்றேன்.